ஆளை நாமே கூட்டி வர வேண்டும்

அக்டோபர் 6, ஞாயிறு

எங்கள் பேராசிரியை பியூலா மேடம் இன்று எல்லோரையும் நாட்குறிப்பு எழுதச் சொன்னார். தன்னைத் தானே கவனிக்கப் பழகினால்தான் பிறரைக் கவனிக்க முடியுமாம். வகுப்பில் முப்பத்தொரு பேர். முப்பது பேர் அதைக் குறித்துக்கொண்டார்கள். நான் குறிக்கவில்லை. கவனிப்பது எனக்குப் பிறவியிலேயே உண்டு. பிற்காலத்தில் என் வாழ்க்கையை யாராவது ஆராய்ச்சி செய்ய வந்தால் உதவுமே என்றுதான் எழுதுகிறேன்.

பெயர் ஆவுடையப்பன். வயது ஐம்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் மிக்ஸி, கிரைண்டர், மோட்டார்களுக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. தென் மாவட்டங்களிலேயே என்னைப் போலக் காயில் கட்ட ஆள் கிடையாது என்று சொல்கிறார்கள். (யார் சொல்கிறார்கள் என்று கோமதி கேட்பாள். கோமதி என் மனைவி.) தொலைநிலைக் கல்வியில் பி.எஸ்ஸி. சைக்காலஜி, மூன்றாம் ஆண்டு. ஞாயிறுதோறும் வகுப்பு. நான் முதல் நாள் உள்ளே நுழைந்தபோது மேடம் எழுந்து நின்று வரவேற்றார். ஃபேன் சுவிட்சைப் போட எழுந்தார் என்று பக்கத்து இருக்கைப் பெண் ரிஸ்வானா சொல்கிறாள். சின்னப் பெண், இருபத்திரண்டு வயது.

எதற்குப் படிக்கிறேன் என்று பலர் கேட்கிறார்கள். அறிவுத் தாகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உண்மைக் காரணத்தை இங்கே எழுதுகிறேன். பழிவாங்கப் படிக்கிறேன்.

ஆளின் பெயர் குற்றாலிங்கம். கோமதியின் தம்பி. பி.ஏ. படித்தவன், அரசு அலுவலகத்தில் சூப்பிரண்டு. மூன்று வருடத்துக்கு முன் என் மகள் வடிவைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நான் ஒரு சின்ன விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துவிட்டு, "எங்க அத்தான் பிளஸ் டூவையே மூணு தடவ எழுதுனவரு" என்றான். வந்தவர்கள் கேசரியை முடிக்காமலே எழுந்தார்கள். இடம் கைவிட்டுப் போயிற்று.

அன்றிலிருந்து அந்த வீட்டோடு பேச்சு கிடையாது. கோமதியும் போகக் கூடாது என்று உத்தரவு. தம்பி அனுப்பும் பொங்கல்படிச் சீர் மூன்று வருடமாக வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போகிறது. கரும்பு, மஞ்சள் குலை, கிழங்கு, எல்லாம்.

அக்டோபர் 11, வெள்ளி

முறுக்குக் கடைக் கிரைண்டர் வந்தது. காயில் கருகிக் கிடந்தது. இரண்டு மணி நேரத்தில் கட்டி ஓடவிட்டேன்.

கோமதி வழக்கம்போல வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குப் போய்விட்டு ஆறு முருங்கைக்காயோடு வந்தாள். அந்தக் கோயிலில் முருங்கைக்காயும் பிரசாதமாகக் கொடுக்கிறார்கள் போலிருக்கிறது. நல்ல கோயில்.

அக்டோபர் 20, ஞாயிறு

மகத்தான நாள்.

செய்முறை வகுப்பு. இரண்டிரண்டு பேராக ஒருவரை ஒருவர் சோதிக்க வேண்டும். எனக்கு ரிஸ்வானா. ஆளுமை வினாத்தாளில் அறுபது கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்று டிக் போட வேண்டும். எப்போதாவது பொய் சொன்னதுண்டா? இல்லை. சொன்ன நேரத்துக்குப் போகாமல் இருந்ததுண்டா? இல்லை. யாரையாவது பிறர் முன்னிலையில் தாழ்த்திப் பேசியதுண்டா? இல்லை. பெருமையடித்ததுண்டா? இல்லை. நான் யோசிக்கவே இல்லை, பேனா தானாக ஓடியது.

ரிஸ்வானா திருத்தினாள். இரண்டு முறை எண்ணினாள். "அங்கிள், ஒரு பகுதியில நீங்க ஒம்பதுக்கு ஒம்பது" என்றாள்.

"முழு மார்க்கா?"

"அப்படியும் சொல்லலாம் அங்கிள்."

வகுப்பில் வேறு யாரும் நான்கைத் தாண்டவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பழக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் சொன்னேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

அந்த ஒன்பது கேள்விகளுக்குப் பெயர் பொய் அளவுகோலாம். எல்லா மனிதரும் செய்திருக்கக்கூடிய சின்னத் தப்புகளைக் கேட்பார்கள். எல்லாவற்றையும் இல்லை என்று மறுத்தால் ஆள் தன்னை ஜோடித்துக் காட்டுகிறான் என்று அர்த்தம். ஐந்தைத் தாண்டினாலே அந்த வினாத்தாள் செல்லாதாம்.

மேடம் இதை விளக்கும்போது என் பக்கம் திரும்பவில்லை. அது அவருடைய பண்பு. ரிஸ்வானா மேஜைக்குக் கீழே குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள், வெகுநேரம்.

சோதனையில் கோளாறு இருக்கிறது. வெளிநாட்டுக்காரன் தயாரித்தது. நம் ஊர் மனிதர்களின் தரம் அவனுக்கு எப்படித் தெரியும்.

அக்டோபர் 31, தீபாவளி

வடிவு சென்னையிலிருந்து போனில் பேசினாள். கூட வேலை பார்த்த பையனையே கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை தங்கம். நான் தேர்ந்தெடுத்தது போலவே இருக்கிறார்.

"அப்பா, மாமாவுக்கு தீபாவளி வாழ்த்து சொன்னியளா?"

"எந்த மாமா?"

"ப்பா. அந்தக் கேசரி மாப்பிள்ளைய எனக்குப் பிடிக்கவே இல்லப்பா. போனா போறான்னு அன்னிக்கே நிம்மதியாத்தான் இருந்துச்சு. இன்னும் எதுக்கு இதத் தூக்கிச் சொமக்கிய?"

குழந்தைக்கு விவரம் போதாது. இது அவளுடைய கல்யாணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 10, ஞாயிறு

மூன்று வருடமாக நான் காத்திருந்த அறிவிப்பு வந்துவிட்டது. டிசம்பர் 8 செய்முறைத் தேர்வு. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். எந்தச் சோதனை என்பது சீட்டுக் குலுக்கி எடுப்பது. சோதனைக்கு உட்காரும் ஆளைப் பல்கலைக்கழகம் தராது, ஆளை நாமே கூட்டி வர வேண்டும். ஆள் வரவில்லை என்றால் தேர்வு கிடையாது, பட்டமும் கிடையாது.

மற்றவர்கள் அம்மாவைக் கூட்டி வரவா, தோழியைக் கூட்டி வரவா என்று பதறிக்கொண்டிருந்தார்கள். நான் முதலாம் ஆண்டிலேயே முடிவு செய்துவிட்டேன். குற்றாலிங்கத்தை உட்கார வைப்பேன். அவன் மனதைப் பிரித்துப் போட்டு, காயிலைப் போல ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து, உள்ளே இருக்கும் பொறாமையை வெளியே எடுப்பேன். அதைப் பதிவேட்டில் அவன் பெயர் போட்டு எழுதுவேன். தேர்வாளர் கையெழுத்து விழும், பல்கலைக்கழக முத்திரை விழும். நகல் எடுத்து லேமினேஷன் போட்டு, அடுத்து எந்தச் சொந்தக்காரர் வீட்டு விசேஷம் வந்தாலும் பந்தியில் ஆளுக்கு ஒன்று.

முடிவுரையை இன்றே எழுதிவிட்டேன்: "பங்கேற்பாளர் திரு. குற்றாலிங்கம், பிறர் உயர்வைப் பொறுக்காத மனம் படைத்தவர் என்று அறிவியல் முறையில் நிரூபணமாகிறது."

நவம்பர் 13, புதன்

கோமதியிடம் சொன்னேன். "ஒன் தம்பிக்கிட்ட கேளு. பரீட்சைக்கு ஒரு ஆள் வேணும். படிச்ச ஆளா இருந்தா நல்லது."

அவள் தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். தோசை கருகியது. "நெசமாத்தான் சொல்லுதியளா?"

"பின்ன?"

முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் எதுவும் நறுக்கவில்லை. சமாதானம் என்று நினைத்துவிட்டாள். நான் திருத்தவில்லை. போர் உத்தியில் இதெல்லாம் உண்டு.

நவம்பர் 15, வெள்ளி

கோமதி கோயிலுக்குப் போய்விட்டு வந்தாள். "வாறேன்னு சொல்லிட்டான்" என்றாள். கோயிலில் எப்படிக் கேட்டாள் என்று நான் விசாரிக்கவில்லை. கையில் இருபது முருங்கைக்காய்.

நவம்பர் 24, ஞாயிறு

இடி விழுந்தது.

பதிவேட்டை மேடத்திடம் காட்டினேன். முடிவுரையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"ஆவுடையப்பன் சார், இன்னும் சோதனையே நடக்கலையே."

"நடந்தாலும் இதுதான் மேடம் வரும்."

"முடிவ முன்னால எழுதக் கூடாது. இன்னொண்ணு, பங்கேற்பாளர் பேர எங்கயும் எழுதக் கூடாது. முதலெழுத்து, வயசு, ஆணா பெண்ணா, அவ்வளவுதான். அவர் சொன்னது எதையும் வெளில சொல்லவும் கூடாது. வீட்ல கூட."

"உறவுக்காரரா இருந்தா?"

"உறவுக்காரரா இருந்தா ரொம்பவே கூடாது."

அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்தார். பிறகு வகுப்புக்குப் பொதுவாக ஒன்று சொன்னார். சோதனை முடிந்ததும் பங்கேற்பாளரை, எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். அதற்கு உள்நோக்கு அறிக்கை என்று பெயர். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும். ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது. பேச்சு வழக்கில் சொன்னால் பேச்சு வழக்கிலேயே.

"நம்ம வேலை ஜோடிக்கிறது இல்ல" என்றார். இப்போதும் என் பக்கம் பார்க்கவில்லை.

நவம்பர் 25, திங்கள்

கடை திறக்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். பழி முழுவதும் போய்விடவில்லை. பெயர் இல்லாவிட்டால் என்ன, உட்காரப்போவது அவன்தானே. நான் தொடங்குங்கள் என்றால் தொடங்க வேண்டும், நிறுத்துங்கள் என்றால் நிறுத்த வேண்டும். பி.ஏ. படித்த கையில் நான் கொடுக்கும் பென்சில். அதுவும் ஒருவகை தண்டனை. அப்புறம் அவன் பெருமைக்காரன். சீட்டில் ஆளுமை வினாத்தாள் விழுந்தால் பொய் அளவுகோலில் என்னைவிட அதிகம் எடுப்பான். ஒன்பதுக்கு மேல் இல்லையே என்றுதான் வருத்தமாக இருக்கிறது.

டிசம்பர் 7, சனி

கோமதி என் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அந்தப் பெண் பார்த்த அன்று போட்டிருந்த சட்டை. வேறு சட்டை எடு என்றேன்.

நேற்று அவளே பேச்சை எடுத்தாள். "அன்னிக்கு அவுககிட்ட நீங்க என்ன சொன்னியன்னு ஞாபகம் இருக்கா?"

ஒரு சின்ன விஷயத்தை விரித்துச் சொன்னேன் என்றேன்.

"பல்கலைக்கழகத்துல சைக்காலஜி படிச்சேன், அதுல மாநிலத்துலயே மொதலா வந்தேன்னு சொன்னிய. மாப்பிள்ளையோட அப்பா காலேஜ் வாத்தியாரு. எந்த வருஷம்னு கேட்டாரு. அப்பத்தான் அவன் சிரிச்சான்."

மாநிலத்திலேயே முதலாக என்று நான் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மாவட்டத்தில் என்றுதான் சொல்லியிருப்பேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

எட்டரைக்கே போய்விட்டேன். நடைபாதை முழுக்க அம்மாக்களும் தோழிகளும். ரிஸ்வானா தன் அண்ணியைக் கூட்டி வந்திருந்தாள். ஒன்பது மணி வரை குற்றாலிங்கம் வரவில்லை. ஒன்பதே காலுக்கும் வரவில்லை. என்னைத் தேர்விலேயே கவிழ்த்துவிட்டான், கடைசியில் அவன்தான் பழி வாங்கினான் என்று நினைத்தேன். ஒன்பது இருபதுக்குப் படியேறி வந்தான். தலை முன்னால் வழுக்கை விழுந்திருந்தது. மூன்று வருடத்தில் எனக்குத் தெரியாமல் விழுந்த வழுக்கை.

"பஸ்ஸு லேட்டு அத்தான்."

"சரி" என்றேன். மூன்று வருடத்துக்குப் பிறகு நாங்கள் பேசியது இவ்வளவுதான்.

குலுக்கலில் எனக்கு ஆளுமை வினாத்தாள் வந்தது. கடவுள் என் பக்கம் என்று நினைத்தேன்.

பங்கேற்பாளரை இணக்கமாக உட்கார வைக்க வேண்டும் என்பது விதி. தேர்வாளர் பின்னாலேயே நடமாடிக்கொண்டிருந்தார். சோதனையோடு தரும் அறிவுரை அட்டையில் இருந்ததை வாசித்தேன். "வாருங்கள், வசதியாக உட்காருங்கள். இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் கிடையாது. உங்களுக்குப் பொருந்துவதைக் குறியுங்கள்." கல்யாணமான முப்பது வருடத்தில் நான் அவனை நீங்கள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அவனும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தான்.

வேகமாகத்தான் டிக் போட்டான். ஒரு இடத்தில் பென்சில் நின்றது. நான் தலைகீழாகவே படித்தேன். யாரையாவது பிறர் முன்னிலையில் தாழ்த்திப் பேசியதுண்டா? நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆம் என்று டிக் போட்டான். பென்சில் முனை உடைந்தது. வேறு பென்சில் கொடுத்தேன்.

முடித்ததும் திருத்தினேன். பொய் அளவுகோலில் ஒன்பதுக்கு ஒன்று.

என் சட்டைப்பையில் ரப்பர் இருந்தது. அவன் டிக் போட்டது பென்சிலில். ஐந்து டிக்கை அழித்துப் பக்கத்துக் கட்டத்தில் போட்டால் ஆறு ஆகிவிடும், ஆள் பொய்யன். தேர்வாளர் அப்போது ஜன்னல் பக்கம் போயிருந்தார். ரப்பரை வெளியே எடுத்தேன், அதையும் எழுதிவிடுகிறேன். மேஜைமேல் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். எதற்கு என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்திருக்கலாம்.

அறிக்கை வாங்கினால்தான் சோதனை முடியும். அதனால் முதலில் அதைக் கேட்டுவிடுவோம் என்று, "இந்தச் சோதனை உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று அட்டையில் இருந்தபடியே கேட்டேன். அவன் சொன்னதை எழுதினேன். பதிவேட்டில் உள்ளபடியே இங்கேயும் எழுதுகிறேன்.

"கேள்வியெல்லாம் லேசுதான். ஒண்ணுக்கு மட்டும் கை நின்னுட்டு. மத்தவங்க முன்னால ஒருத்தர எறக்கிப் பேசிருக்கியான்னு ஒரு கேள்வி. பேசிருக்கேன். எங்க அத்தான. அவரு அன்னிக்குப் பொய் சொன்னாரு. பெரிய பொய். ஆனா அந்தப் பொய்யால யாருக்கும் ஒரு கேடும் கெடையாது. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சதோட விட்டிருக்கலாம், பிளஸ் டூ கதையையும் சொல்லிட்டேன். அக்கா அடுப்படி வாசல்ல நின்னா. அவ மொகத்தப் பாத்தேன். அத்தான் மொகத்தப் பாக்கல. நான் காலேஜ் படிக்கயில அத்தான் மூணு வருஷம் என்னய சைக்கிள்ல கொண்டு விட்டாரு. ஒருநாள் கூட உடனே திரும்பிப் போனதில்ல. கேட்டுக்கு வெளிய நின்னு கட்டடத்தப் பாத்துட்டு நிப்பாரு. என்ன பாக்கியன்னு ஒரு தடவ கேட்டேன், சும்மா ஜன்னல எண்ணுதேம்னாரு. அத நான் மறந்துட்டேன். மறக்கலைன்னா சிரிச்சிருக்க மாட்டேன். அவ்வளவுதான். எழுதிட்டியளா?"

எழுதிவிட்டேன் என்றேன். "பெரிய பொய்" என்ற இடத்தில் பெரிய என்பதை விட்டுவிடலாமா என்று கை போனது. விடவில்லை. பொய் அளவுகோலில் அவன் எடுத்த ஒன்று, ஒன்றாகவே இருந்தது. ரப்பரைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"பங்கேற்பாளருக்கு நன்றி கூறப்பட்டது" என்று கடைசி வரி எழுத வேண்டும். எழுதுவதற்கு முன்னால் கூற வேண்டும். கூறினேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு, "நான் வெளிய நிக்கேன்" என்று போனான்.

தேர்வாளர் மதுரைக்காரர், வயதானவர். அறிக்கையை விரல் வைத்துப் படித்தார்.

"இதுல அத்தான்னு வர்றாரே, யாரு அவரு?"

நான் அப்போது எத்தனையோ சொல்லியிருக்கலாம். ஒரு கதையே கட்டியிருக்கலாம். "பங்கேற்பாளர் சம்பந்தப்பட்ட விஷயம் சார். வெளிய சொல்லக் கூடாது" என்றேன்.

என் சட்டையைப் பார்த்தார், நரையைப் பார்த்தார், வெளியே நின்றவனையும் பார்த்தார். "அவர் சொன்னதுல எதையாவது மாத்தி எழுதினீங்களா?"

"இல்லை."

இந்த ஒரு இல்லையை எந்த அளவுகோலில் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கட்டும்.

வெளியே வந்தபோது குற்றாலிங்கம் கேட்டுக்கு வெளியே நின்று கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அறுபத்து நான்கு ஜன்னல். அவன் எண்ணியிருக்க மாட்டான்.

டிசம்பர் 9, திங்கள்

இரண்டு மிக்ஸி. ஒரு மோட்டார். கோமதி, "என்னதான் பேசுனிய ரெண்டு பேரும்?" என்று ஐந்து முறை கேட்டாள். சொல்லவில்லை. எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜனவரி 12, ஞாயிறு

தியரித் தேர்வுகளும் முடிந்தன. ரிசல்ட் வர நாளாகும். எனக்குத் தெரிந்தவரை பல்கலைக்கழக வரலாற்றில் இப்படி ஒருவர் எழுதியதில்லை.

காலை பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. கரும்புக் கட்டு, மஞ்சள் குலை, பச்சரிசி, வெல்லம், சிறுகிழங்கு, சேனை. இந்த வருடம் ஆட்டோக்காரனிடம் கொடுத்துவிடாமல் குற்றாலிங்கமே இறங்கி நின்றான். தெருவில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள், மூன்று வருடமாகக் கரும்பு திரும்பிப் போவதைப் பார்த்தவர்கள்.

வாசலில் வைத்து அவனிடம் சொல்வதற்கென்று நான் மூன்று வருடமாக ஒரு பேச்சு தயாரித்து வைத்திருந்தேன். நல்ல பேச்சு. ஏழெட்டு இடத்தில் அவன் தலைகுனிய வேண்டியிருக்கும். எதிர்வீட்டுச் சண்முகவேல் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நெருங்கி வந்தார்.

"என்ன அண்ணாச்சி, மச்சினனோட ராசியாயாச்சா? யாரு மன்னிப்புக் கேட்டது?"

அவன்தான் கேட்டான். என் கைப்பட எழுதி வைத்திருக்கிறேன். முத்திரை போட்டுப் பல்கலைக்கழக அலமாரியில் இருக்கிறது. தெரு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது. என் பிறப்பில் இப்படி ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லை, நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குற்றாலிங்கம் கரும்பைத் தோளில் வைத்துக்கொண்டு என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது சண்முகவேல். படிச்சவங்களுக்குள்ள ஒரு விதி இருக்கு" என்றேன். பிறகு அவனிடம், "உள்ள வா மாப்ளே. கரும்ப நிலையில இடிச்சிராத" என்றேன்.

அவன் இடித்தான். சுண்ணாம்பு பெயர்ந்தது. கோமதி அதற்கும் சிரித்தாள்.

சாப்பிட உட்கார்ந்தான். முருங்கைக்காய் சாம்பார். "இது எங்க வீட்டு மரத்துக் காயி மாதிரியே இருக்கே அக்கா" என்று அவளைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன், கவனிக்கவில்லை.

பழியை நான் விட்டுவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். மூன்று வருடம் ஊறிய பழி ஒரு சேனைக்கிழங்கில் தீராது, அதிலும் சென்ற வருடம் திருப்பி அனுப்பியது இதைவிடப் பெரியது. பியூலா மேடத்திடம் எம்.எஸ்ஸி. பற்றி விசாரித்துவிட்டேன். இரண்டு வருடம், ஒவ்வொரு வருடமும் செய்முறை, ஒவ்வொரு செய்முறையும் மூன்று மணி நேரம். அதற்கும் ஆளை நாமே கூட்டி வர வேண்டுமாம்.

குற்றாலிங்கத்திடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டாவது தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிடட்டும்.